50-க்கு 17

முதலாம் ஆண்டு இன்ஜினியரிங் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் சிலர் கொஞ்ச நாட்களாக என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எந்த லேப்டாப் வாங்கலாம், முதலில் சி படிக்கலாமா பைத்தான் படிக்கலாமா, பிளேஸ்மென்ட்டுக்கு இப்போதே தயாராக வேண்டுமா. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் முதல் வருடத்தில் எனக்குள் நடந்த பெரிய மாற்றத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. என் தப்பை மறைக்காமல் இன்னொருவர் முன்னால் எடுத்து வைக்க நான் அந்த வருடம்தான் பழகினேன். கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு அதற்கு முழுசாக இரண்டு செமஸ்டர் பிடித்தது.

பள்ளியில் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பெயர் வாங்கியவன் நான். முதல் இன்டர்னலில் மெக்கானிக்ஸ் தாள் கைக்கு வந்தது. 50-க்கு 17. அப்படியே நான்காக மடித்துப் பையின் அடியில் திணித்தேன். பக்கத்தில் இருந்தவன் எவ்வளவு என்று கேட்டான். "பாஸ்டா" என்றேன். வீட்டில் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். பொய் சொன்னதுகூட இப்போது அவ்வளவு உறுத்தவில்லை. அந்தத் தாளை நான் பிரித்தே பார்க்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது. சுவரில் சாய்ந்து நிற்கும் ஏணிக்கு ஃப்ரீ பாடி டயக்ராம், அதாவது ஏணியின் மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்புக்குறியால் காட்டும் படம், போடச் சொன்ன கேள்வி அது. சுவர் ஏணியைத் தள்ளும் விசையைக் குறிக்க வேண்டிய இடத்தில், ஏணி சுவரைத் தள்ளும் விசையைக் குறித்திருந்தேன். அம்புக்குறி தலைகீழ். 5 நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் புரிந்திருக்கும். பார்க்காததால் இரண்டாம் இன்டர்னலிலும் அதே தப்பைச் செய்தேன்.

அடுத்தது இயற்பியல் லேப். ஊசலை ஆடவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை 9.8 என்று எல்லோருக்கும் முன்னாலேயே தெரியும். எனக்கு 10.9-க்குப் பக்கத்தில் வந்தது. திரும்பச் செய்தேன், மறுபடியும் அதேதான். சுற்றிப் பார்த்தேன், எல்லோர் நோட்டிலும் 9.8, 9.79 என்றுதான் இருந்தது. சரி என்று நேரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு 9.8 வரவழைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பல வாரம் கழித்து ஒரு சீனியரிடம் இதைச் சொன்னேன். "எப்படி எண்ணினே, எண்ணிக் காட்டு" என்றார். பேனாவில் நூலைக் கட்டி ஆடவிட்டு, கையை விட்ட அந்த நொடியிலேயே "ஒன்று" என்று ஆரம்பித்தேன். அவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். கையை விடும்போது எண்ணிக்கை பூச்சியம். ஒரு முறை போய்த் திரும்பி வந்த பிறகுதான் ஒன்று. நான் 20 என்று எழுதியது உண்மையில் 19 அலைவு. ஒரு அலைவின் நேரம் சுமார் 5 சதவீதம் குறைந்துவிடுகிறது. சூத்திரத்தில் நேரம் வகுக்கும் இடத்தில் வர்க்கமாக வருவதால் விடை சுமார் 11 சதவீதம் ஏறிவிடுகிறது. 9.8 எப்படி 10.9 ஆனது என்று அன்றைக்கு ராத்திரி நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. அந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த லேபில் நான் கற்றுக்கொள்ள இருந்த ஒரே நல்ல விஷயத்தை என் கையாலேயே அழித்துவிட்டு, அதற்குக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன்.

அதனால்தான் ரீடிங்கைச் சரிக்கட்டும் பழக்கத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம். மாணவர்களை மட்டும் குறை சொல்லமாட்டேன். 9.8 எழுதினால் 10 மார்க், 10.9 எழுதினால் "திரும்பப் பண்ணிட்டு வா" என்றால் எந்தப் பிள்ளை உண்மையை எழுதும்? ஏன் 10.9 வந்தது என்று இரண்டு வரி எழுதியவனுக்கு முழு மார்க் கொடுத்துப் பாருங்கள். லேபே வேறு மாதிரி ஆகிவிடும்.

வொர்க்‌ஷாப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரும்புத் துண்டை அரத்தால் ராவித் தட்டையாக்க வேண்டும். பார்க்க எளிது. ஆனால் கை ஆடினால் அரமும் தராசுத் தட்டு மாதிரி ஏறி இறங்கும். ஓரங்கள் தேய்ந்து நடு மேடாகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. நேராக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. சோதிக்க வந்தவரிடம் துண்டைக் கொடுக்கும்போது, ஓரளவு நன்றாக வந்திருந்த பக்கம் மேலே தெரிகிற மாதிரி பிடித்துக் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்தைத்தான் தம்பி நான் பாக்கணும். நல்லா இருக்கிற பக்கத்துல எனக்கு என்ன வேலை?"

திட்டவில்லை. என் கைமேல் அவர் கையை வைத்து நாலைந்து முறை ஓட்டிக் காட்டினார். முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம், ஏனென்றால் அரம் அப்போதுதான் வெட்டும். திரும்ப இழுக்கும்போது லேசாக விட்டுவிட வேண்டும். அரத்தின் நுனியில் இருக்கும் கையும் பிடியில் இருக்கும் கையும் எடையை மாற்றிக்கொண்டே போக வேண்டும். அவர் கையின் கனம் என் கைமேல் இருந்தபோதுதான் எனக்கு அது புரிந்தது. நல்ல பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கை எனக்குக் கிடைத்திருக்காது.

இரண்டாம் செமஸ்டரில் சி புரோகிராமிங். 1 முதல் 10 வரை கூட்டினால் 55 வர வேண்டும். எனக்கு 11 வந்தது. கம்பைலர் பிழை எதுவும் காட்டவில்லை. பழைய நானாக இருந்தால் பக்கத்து ஸ்கிரீனைப் பார்த்து எழுதி முடித்திருப்பேன். இந்த முறை, கோடிங்கே தெரியாத என் அறை நண்பனைக் கூப்பிட்டு வரிவரியாக விளக்கினேன். திரும்பத் திரும்பக் கூட்டச் சொல்லும் ஃபார் லூப் வரிக்கு வந்ததும் எனக்கே வாய் நின்றுவிட்டது. அந்த வரியின் கடைசியில் இருக்கக் கூடாத ஒரு அரைப்புள்ளி (;). அதனால் லூப் சும்மாவே சுற்றி முடிந்து, எண் 11 ஆன பிறகு ஒரே ஒரு தடவை கூட்டியிருக்கிறது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டான், அவ்வளவுதான்.

படிக்கும் விதமும் இதோடு மாறியது. அதுவரை தீர்த்து வைத்த கணக்குகளை நான்கு முறை வாசித்துவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொள்வேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படித்த 5 நிமிடத்தில் தேர்வு வைத்தால், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். மூடிவிட்டு எழுதினால் தப்பு வரும், எங்கே தெரியவில்லை என்பதும் உடனே தெரிந்துவிடும். வாசிக்கும்போது அது கண்ணிலேயே படாது.

இன்ஜினியரிங் தொழிலில் தப்பை மறைக்காமல் சொல்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் அடிக்கடி நினைக்கும் கட்டடம், 1977-ல் நியூயார்க்கில் கட்டி முடித்த 59 மாடி சிட்டிகார்ப் சென்டர். அதன் கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷரியர். அடுத்த வருடம், ஒரு மாணவர் கேட்ட கேள்வியைத் தொடர்ந்து கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்ததாக அவரே பின்னாளில் சொன்னார். மூலைவாட்டில் அடிக்கும் காற்றுக்கு, வெல்டிங்குக்குப் பதில் போல்ட் போட்டிருந்த இணைப்புகள் போதாது என்று தெரிந்தது. பேரும் புகழுமாக இருந்த நேரத்தில், கட்டடத்தின் உரிமையாளர்களிடம் தானே போய்ச் சொன்னார். ராத்திரி ராத்திரியாக இணைப்புகளின் மேல் எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்தார்கள். பொதுமக்களுக்கு 1995 வரை தெரியாமல் வைத்திருந்தது தப்புதான், அதை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் அவர் வாயே திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

முதல் வருடப் பிள்ளைகளே, உங்களில் பலர் இப்போது அதே மாதிரி மடித்து வைத்த தாளோடு இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் கேட்க வருகிறவர்கள் கேள்வியை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்கள் எதுவரை போட்டீர்களோ, எங்கே நின்றீர்களோ, அடித்தல் திருத்தலோடு அந்தப் பக்கத்தையே படமெடுத்து அனுப்புங்கள். சேர்ந்து பார்க்கலாம். என் 17 மார்க் தாளின் படத்தை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். அம்புக்குறி எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்று பச்சை மையில் குறித்திருக்கிறேன்.