காம்பிலிருந்து வந்த கண்மணிகள்

(கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இருக்கும் ஒரு பிளாட்டின் மொட்டை மாடி. மாமி சுளகில் வடகத்தோடு ஏறி வருகிறார். நான் ஒரு மூலையில் சாரம் காயப்போட இடம் தேடிக்கொண்டிருந்தேன். ஆகவே எல்லாம் காதில் விழுந்தது.)

மாமி: இது யாருடைய உடுப்பு? கொடியில் ஒரு முழம்கூட மிச்சம் இல்லை.

கௌரி: மாமி! வந்துவிட்டார்கள் மாமி!

மாமி: யார், தண்ணீர்ச் சபைக்காரரா?

கௌரி: பிள்ளைகள் மாமி! கித்துல்கல விடுமுறைக் காம்பிலிருந்து. நேற்றிரவு ஒன்பது மணிக்கு பஸ். நான் ஆறு மணிக்கே போய் நின்றுவிட்டேன்.

மாமி: நீ ஆறு மணிக்குப் போனால் பஸ் ஆறு மணிக்கு வருமா?

கௌரி: பெற்ற வயிறு மாமி. அவர்கள் போன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமி: செவ்வாய்க்கிழமை உன் வீட்டிலிருந்து கொத்து ரொட்டி வாசம் வந்தது.

கௌரி: அது இவர் வாங்கி வந்தது. கவலையில் சாப்பிட்டேன்.

மாமி: புதன்கிழமையும் கவலை போல.

கௌரி: படங்களைப் பார்த்துத்தான் உயிரோடு இருந்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். இதோ பாருங்கள்.

மாமி: யாரோ ஒரு பிள்ளையின் முதுகு.

கௌரி: அதற்குப் பின்னால்.

மாமி: மரம்.

கௌரி: மரத்துக்கு இடதுபக்கம் ஒரு காது தெரிகிறதே?

மாமி: ஓம்.

கௌரி: என் மகன்!

மாமி: நிச்சயமா?

கௌரி: பெற்றவளுக்குக் காது தெரியாதா? குரூப்பில் இன்னொரு தாய், அது தன் மகனின் காது என்று எழுதினாள். விடுவேனா? இரவு பன்னிரண்டு மணி வரை இரண்டு பேரும் வாக்குவாதம். கடைசியில் காம்ப் நடத்துகிற சேர் வந்து, அது சமையல்காரரின் காது என்றார்.

மாமி: பிறகு?

கௌரி: நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மாமி: ஆற்றில் படகு விடுவார்கள் என்றாயே, போனார்களா?

கௌரி: மழையில் ஆறு பெருகிவிட்டதாம். விடவில்லை. ஆனால் கரையில் நிற்க வைத்து, எல்லார் கையிலும் ஒவ்வொரு துடுப்பைக் கொடுத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். தலையில் தொப்பி, மேலே மிதவைச் சட்டை, எல்லாம் இருக்கிறது.

மாமி: ஆறு?

கௌரி: ஆறு படத்தில் விழவில்லை. அதை விடுங்கள் மாமி. பையைத் திறந்தபோதுதான் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மடித்து வைத்த மடிப்பு, கலையாமல் அப்படியே வந்திருக்கிறது! உள்ளுடுப்பு எல்லாம் அயர்ன் பண்ணிய மடிப்போடு. துவாயில் பெயர் எழுதி வைத்தேன், அந்த மை கூட மங்கவில்லை. சோப்பு கவரோடு. என்ன ஒழுங்கு, என்ன பொறுப்பு!

மாமி: பிள்ளை.

கௌரி: பற்பசையைக்கூட அமுக்காமல், வீண் செலவு செய்யாமல்...

மாமி: எடி பிள்ளை, கொஞ்சம் நில். சோப்பு பிரிக்கவில்லையா?

கௌரி: இல்லை. ராணி சந்தனம். புத்தம் புதிது.

மாமி: அப்போ அவன் குளிக்கவில்லை.

கௌரி: ஆற்றில் குளித்திருப்பான்.

மாமி: துவாய் நனையவில்லையே?

கௌரி: காற்றில் காய்ந்திருப்பான்.

மாமி: கித்துல்கலயிலா? ஓகஸ்டிலா? தென்மேல் பருவமழை பெய்கிற நேரத்தில் அங்கே தவளைகூடக் காயாது.

கௌரி: வைத்த சாமான் எதுவும் வீணாகவில்லை என்று நான் சந்தோஷப்பட்டால், நீங்கள் துப்பறிகிறீர்கள். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். அட்டைக்கு என்று ஒரு பொட்டலம் உப்புக் கட்டிக் கொடுத்தேன். அது முடிந்துவிட்டது.

மாமி: அட்டைக்குப் போட்டானா?

கௌரி: கொய்யாக்காய்க்குத் தொட்டுக்கொண்டானாம்.

மாமி: சரி. உடுப்பை உடுக்கவே இல்லை என்றால், இதெல்லாம் ஏன் தோய்த்துக் கொடி முழுக்கப் போட்டிருக்கிறாய்?

கௌரி: காம்பிலிருந்து வந்த உடுப்பு மாமி! தோய்க்காமல் எப்படி வீட்டுக்குள் வைப்பது? காட்டுக் காற்றுப் பட்டது. விடியவே மெஷினை மூன்று தரம் போட்டேன்.

மாமி: அதுதான் காலையில் என் குழாயில் காற்று வந்ததா! உடுக்காத உடுப்புக்கு மூன்று தரம். அப்போ உடுத்தது?

கௌரி: போன அன்று போட்டதைத்தான் வரும்வரை போட்டிருந்தான். அதை வாளியில் ஊறவைத்தேன். ஊற மாட்டேன் என்கிறது. நிற்கிறது.

மாமி: ஒரு வகையில் அவன் குளிக்காமல் விட்டது நல்லது. கித்துல்கலயில் ஓடுவது களனி கங்கை. அதே தண்ணீரைத்தான் அம்பத்தளையில் எடுத்துச் சுத்தம் செய்து கொழும்புக்கு அனுப்புகிறார்கள். அவன் குளிக்கவில்லை, நாங்கள் நிம்மதியாகக் குடித்தோம்.

கௌரி: சின்னவள் குளித்திருக்கிறாள் மாமி.

மாமி: எந்த நாள்?

கௌரி: வியாழக்கிழமை.

மாமி: எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தேநீரில் ஒரு மாற்றம் இருந்தது.

கௌரி: உங்களுக்கு எல்லாம் பகிடி. என் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் நீங்களே அழுவீர்கள். நேற்று இரவு இடியப்பம் அவித்து, சொதி வைத்து, நண்டுக் குழம்பும் வைத்தேன். நண்டுக்காலை நானே குழவியால் தட்டி, ஓடு பல்லில் படாமல் சதையை எடுத்து எடுத்துத் தட்டில் வைத்தேன். அவன் வாயைத் திறந்தது மட்டும்தான்.

மாமி: பத்தாம் ஆண்டு படிக்கிறான்.

கௌரி: கேளுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் எழுந்தான். தட்டைக் கையில் எடுத்தான். குசினிக்குள் போனான். மாமி, குழாயைத் திறந்தான்!

மாமி: தண்ணீர் வந்ததா?

கௌரி: தட்டைக் கழுவப் போனான் மாமி! எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஓடிப்போய்ப் பறித்துவிட்டேன்.

மாமி: ஏன்?

கௌரி: நான் உயிரோடு இருக்க, என் மகன் தட்டுக் கழுவுவதா?

மாமி: காம்புக்கு எவ்வளவு கட்டினாய்?

கௌரி: ஆளுக்கு 35,000.

மாமி: எதற்காம்?

கௌரி: தன் கையே தனக்கு உதவி என்று பழக்குவார்களாம். அவர்கள் தந்த காகிதத்தில் முதல் வரியே அதுதான்.

மாமி: பழக்கினார்களா?

கௌரி: ஓம்.

மாமி: நீ?

கௌரி: ஒரே இரவில் சரிப்படுத்திவிட்டேன்.

(எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கொழும்பு-காலி வீதியில் கொஞ்சம் நின்று பாருங்கள். மீசை அரும்பிய மகன் முன்னால் போவான், கையில் போன். பின்னால் அம்மா, ஒரு தோளில் அவனுடைய புத்தகப் பை, மற்றத் தோளில் தன்னுடைய பை, விரலில் அவனுடைய தண்ணீர்ப் போத்தல். மஞ்சள் கோட்டில் வீதியைக் கடக்கும்போது அவன் மணிக்கட்டையும் பிடித்துக்கொள்வார். இந்தப் பிள்ளைக்குத்தான் விடுமுறையில் காசு கட்டி மலையேறப் பழக்குகிறோம்.)

கௌரி: இன்று காலையில் இன்னும் மோசம். அறைக்குள் போனேன். போர்வை மடித்து வைத்திருந்தது. காய்ச்சலாக்கும் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

மாமி: சுட்டதா?

கௌரி: இல்லை. பிறகு போர்வையை விரித்து, நானே மறுபடி மடித்து வைத்தேன். அப்போதுதான் மனம் ஆறியது.

மாமி: அங்கே என்ன சாப்பாடு?

கௌரி: அந்த அநியாயத்தைக் கேட்காதீர்கள். மூன்று வேளையும் பருப்பாம். பாணும் பருப்பும், சோறும் பருப்பும், மறுபடி பாணும் பருப்பும். இங்கே பருப்பைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவன், அங்கே இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டானாம்.

மாமி: பசித்திருக்கும். அதுவும் பாடத்திட்டத்தில் இருந்திருக்கும்.

கௌரி: சான்றிதழும் தந்திருக்கிறார்கள். 'இடர்களைத் தாங்கும் ஆற்றல்' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. சட்டம் போடக் கொடுக்கப் போகிறேன்.

மாமி: நானும் ஒருமுறை கொழும்பில் காம்புக்குப் போனேன்.

கௌரி: நீங்களா? எப்போது? பள்ளிக்கூடத்தாலா?

மாமி: 83 ஆடிக் கலவரத்தில். இரத்மலானையில். காசு வாங்கவில்லை. பை கட்டுகிற வேலையும் இருக்கவில்லை, கட்டுவதற்கு வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. மூத்தவன் கைக்குழந்தை. யாரோ ஒரு அம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்துத் தந்தார், அதுதான் அவனுக்குத் துவாய். ஊருக்குத் திரும்பக் கப்பல் விட்டார்கள், காங்கேசன்துறை வரைக்கும். சான்றிதழ் மட்டும் தரவில்லை.

(கௌரி ஒரு கிளிப்பைக் கழற்றினாள், மறுபடி அதே இடத்தில் போட்டாள். மாமி வடகத்தைப் பரப்பத் தொடங்கினார்.)

மாமி: கண்ணாடிச் சட்டம் போடாதே. கடற்காற்றுக்கு உள்ளுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வை.

கௌரி: அந்த மூத்தவர்தானே மாமி, போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்தவர்?

மாமி: ஓம்.

கௌரி: நான் கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்தபோது நீங்கள் அவருக்குப் பக்கத்தில் இருந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

மாமி: எடுத்திருப்பேன்.

கௌரி: பாரை மீன். பாரையில் ஏது மாமி அவ்வளவு முள்?

மாமி: அதுதான் வெகுநேரம் தேடினேன்.

கௌரி: நாற்பது தாண்டிய மனுஷன்! தலையில் பாதி முடி இல்லை!

மாமி: அவன் அங்கே தன் தட்டை மட்டுமா கழுவுகிறான்? வீட்டில் உள்ள எல்லார் தட்டையும் கழுவி, வாசலில் பனியையும் வழித்துவிட்டு வேலைக்குப் போகிறான். இரண்டு கிழமை அவன் கை காய்ந்து கிடக்கட்டும் என்று விட்டேன்.

கௌரி: அப்போ நான் செய்தால் மட்டும் பிழையோ?

மாமி: நான் 35,000 கட்டிவிட்டு முள் எடுக்கவில்லை பிள்ளை.

(கௌரியின் போன் கிணுகிணுத்தது.)

கௌரி: மாமி! டிசம்பர் காம்ப்! நுவரெலியாவில்! இந்தக் கிழமைக்குள் கட்டினால் கழிவாம்!

மாமி: சோறு இறங்கவில்லை என்றாய், காதைப் பார்த்துச் சண்டை பிடித்தாய், மூன்று மணித்தியாலம் தெருவில் நின்றாய். திரும்பவும் அனுப்பப் போகிறாயா?

கௌரி: போனால்தானே மாமி வருவார்கள்! நேற்றுப் பஸ்ஸால் இறங்கி ஓடிவந்து, எல்லாருக்கும் முன்னால் என்னைக் கட்டிப் பிடித்தான். எத்தனை வருடத்துக்குப் பிறகு தெரியுமா? நாற்றம் தாங்கவில்லை, ஆனாலும் நான் விடவில்லை. வீட்டில் இருந்தால் என்ன கேட்டாலும் 'ம்' என்பான், அதோடு சரி.

மாமி: இப்போது என்ன செய்கிறான்?

கௌரி: போன் பார்க்கிறான். காலையிலிருந்து இரண்டு 'ம்'.

மாமி: அப்போ காசைக் கட்டு. ஆனால் நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். டிசம்பர்க் குளிர் சும்மா இல்லை. இவர் அங்கே வேலை பார்த்த காலத்தில் விடிய எழும்பி முகம் கழுவவே ஒரு மணித்தியாலம் யோசிப்பார்.

கௌரி: ஸ்வெட்டர் வாங்க வேண்டும். காலுறை வாங்க வேண்டும். வேறு என்ன மாமி வைக்கலாம்?

மாமி: அந்தச் சோப்பு எங்கே?

கௌரி: குளியலறையில்தான் வைத்தேன். இன்னும் பிரிக்கவில்லை.

மாமி: பிரிக்காதே. அதுவும் ஒருக்கால் நுவரெலியாவுக்குப் போய் வரட்டும்.