அபூர்வ ரகமாம்ல!

ஆன்லைன்ல ஆப்பிரிக்கன் வயலட் பூச்செடி வாங்குத கூத்து இருக்கே, சொல்லி மாளாது. போட்டோல ஒவ்வொரு இதழுலயும் காத்தாடி மாதிரி கோடு, கூரியர்ல வந்தது அவிஞ்ச கீரைக்கட்டு. கேட்டா 'இலைய மண்ணுல குத்துங்க, பொழச்சிரும்'ங்கான். ஏல, பொறவு செடிக்குனு 450 ரூவா எதுக்குல வாங்குன?

அது தான்சானியா மலைக் குளுர்ல சொகமா கெடந்த சாதி, இங்க பாளையங்கோட்டைல சித்திர வெயிலுக்கு நானே வாடிக் கெடக்கேன். பச்சத்தண்ணி பட்டா இலைல புள்ளி, கூட ஊத்துனா குருத்து அழுவுது, ஊத்தலன்னா மூஞ்சத் தொங்கப் போடுது, எங்க மாமியாகூட இவ்ளோ பவுசு காட்டுனதில்ல.

எட்டு மாசங்கழிச்சு பூத்துச்சு. சாதா ஊதா! கோடு போட்ட ரகம் இலைல இருந்து அப்படியே வராதாம்லா, இத மொதல்லயே சொன்னா வாயா வெந்துரும்? பக்கத்து வீட்டு அத்தை வேற வந்து பாத்துட்டு, 'இது என்னட்டி, தலைல வைக்க ஆவுமா?'ங்காவ.