ராக்கெட் கோடும் நான் வாங்கிய காசும்

ஞாயிற்றுக்கிழமை காலை நம் ஆம்பூர் வானத்தில் விமானங்கள் விட்டுப்போன ஏழெட்டு வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த அந்த போட்டோ உங்களுக்கும் வந்திருக்கும். 'மலட்டு மருந்து தெளிக்கிறார்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்' என்ற வாசகத்தோடு எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பினார்கள். அதில் நாலு பேர் என்னிடம் பத்தாம் வகுப்பு அறிவியல் படித்தவர்கள். அது பனி, பயப்படாதீர்கள் என்று குழுவில் எழுதினேன். வந்த பதில்: "சாருக்கு எவ்வளவு கொடுத்தாங்க?"

சரி, இன்னொரு முறை சொல்கிறேன். அது பனி. விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் சுமார் ஒன்றேகால் கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்வதால் எடை கூடுகிறது, மந்திரம் ஒன்றுமில்லை. மைனஸ் 40 டிகிரி குளிரில் அந்த ஆவி கரித்துகள்களைப் பிடித்துக்கொண்டு உறைந்துவிடுகிறது. மார்கழியில் ஏலகிரி போய் வாயால் 'புகை' விட்டு செல்ஃபி எடுத்துப் போட்டீர்களே, அப்போது உங்கள் வாயில் மருந்து ஊற்றியது யார்?

'ஒரு விமானம் கோடு போடுகிறது, இன்னொன்று ஏன் போடவில்லை?' நல்ல கேள்வி, வகுப்பில் கேட்டிருந்தால் தட்டிக் கொடுத்திருப்பேன். நம்மைப் போன்ற வெப்பப் பகுதியில் அந்த மைனஸ் 40 வருவதற்கே சுமார் பத்தரை கிலோமீட்டர் மேலே போக வேண்டும். சென்னைக்கு இறங்குகிற விமானம் அதற்கு வெகு கீழே போகிறது, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வளைகுடா போகும் விமானம் உச்சியில் பறக்கிறது. அப்புறம், மேல்காற்று காய்ந்திருந்தால் கோடு சட்டென்று மறையும், ஈரமாக இருந்தால் மணிக்கணக்கில் நின்று பரவும். விமானப் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிப் போவதால் குறுக்குக் கோடு. மணி கோர்த்த மாதிரி நெளிந்திருந்ததே, அதுதான் பெரிய ஆதாரமாம்! இறக்கைகளுக்குப் பின்னால் உருவாகும் இரண்டு காற்றுச் சுழல்கள் ஒன்றையொன்று இழுத்து அப்படி வளையம் வளையமாக அறுந்துபோகும், 1970-லேயே க்ரோ என்பவர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

2016-ல் வளிமண்டல வேதியியல், புவி வேதியியல் அறிஞர்கள் 77 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் ரகசியத் தெளிப்புக்கு எந்தத் தடயமும் பார்த்ததில்லை என்றார்கள். உடனே 'அந்த ஒருத்தர்?' என்பீர்கள், தெரியும். ஆளில்லாத ஓரிடத்துக் காற்றில் பேரியம் என்ற உலோகம் கூடுதலாக இருந்ததை அவர் பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

எங்கள் ஆயா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். மாடியில் மல்லாட்டை காயப்போட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார். 'ராக்கெட் கோடு' உடனே அழிந்துவிட்டால் நாளைக்கும் வெயில், நின்று பஞ்சு மாதிரி விரிந்தால், "டேய், சாயங்காலம் அள்ளி உள்ள வை, மேல ஈரம் ஏறிருக்கு." நாலு தடவைக்கு ஒரு தடவை தப்பும், அதையும் அவரே சொல்லிச் சிரிப்பார். ஆயா தினமும் பார்த்தார், நேற்றைய வானத்தோடு ஒப்பிட்டார். நீங்கள் வருஷத்துக்கு ஒரு நாள் அண்ணாந்து பார்க்கிறீர்கள், அதுவும் யாரோ போட்டோ அனுப்பிய பிறகு.

'அப்படியானால் அரசாங்கம் தப்பே செய்யாதா?' நான் எங்கே அப்படிச் சொன்னேன்? வெள்ளிச் சேர்மத்தைத் தூவி மழைக்கு முயற்சி செய்வது உண்மைதான். அது மேகத்துக்குள்ளோ பக்கத்திலோ சிறிய விமானங்கள் செய்வது, பேப்பரில் செய்தி போட்டுச் செய்வது. இந்தக் கோடுகளால் கெடுதலே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பரவி நிற்கும் கோடு பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அதைப் பற்றிப் பேசக் கூப்பிடுங்கள், வருகிறேன். யாரும் கூப்பிடவில்லை.

விஷம் என்றால் அவ்வளவு பயமா உங்களுக்கு? பாலாற்றில் என்ன ஓடியது? வேலூர் மாவட்ட டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவு பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியது. ஆயாவின் கிணறு உப்புக் கரித்து, கடைசியில் மாடுகூட வாய் வைக்காமல் போனது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு பரிசோதனைக்கு மனு எழுதி நான் வீடு வீடாகக் கையெழுத்து கேட்டபோது, 'சார், நமக்கெதுக்கு வம்பு, பிழைப்பு கெட்டுடும்' என்று கதவைச் சாத்தியவர்களில் இரண்டு வீடுகள் இந்த வாரம் எனக்கு அந்த போட்டோவை அனுப்பியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்த விஷத்துக்கு ஒரு கையெழுத்து போடமாட்டீர்கள், பனிக்கு பதினோரு பார்வர்டு.

இருபத்தாறு வருஷம் சாக்பீஸ் தூளைத் தின்றவனிடம் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டாயே தம்பி, உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஆனால் 'ஆவி சுருங்குதல்' படம் வரையாமலே நீ நீட்டிய ரெக்கார்டு நோட்டில், பையன் பாவம் என்று அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது.