120 டிபியைக் குறைத்தபிறகுதான் வாட்ச்மேன் முகம் தெரிந்தது

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷெட். (2019இல் மாவட்டம் பிரிந்துவிட்டது. எங்கள் வாயில் இன்னும் எல்லாம் வேலூர்தான்.) கேட் மேற்குப் பார்த்தது. மத்தியானம் 3 மணிக்கு மேல் வெளியே ரோடு கண்ணைக் கூசும், உள்ளே ஈரத்தோலும் இருட்டும். எங்கள் கேமரா உள்ளேயிருந்து கேட்டைப் பார்க்கிறது. யார் வந்தாலும் கறுப்பு உருவம்தான். மானிட்டரைப் பார்த்த வாட்ச்மேன் பெரியவர், "இன்னா தம்பி, என் மூஞ்சியவே காணோம்?" என்றார்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் 120 டிபி. அதை நம்பித்தான் வாங்கினோம்.

120 டிபி (டெசிபல்) என்றால் மங்கலான இடத்துக்கும் பளீரென்ற இடத்துக்கும் 10 லட்சம் மடங்கு வித்தியாசம் இருந்தாலும் சமாளிக்கும் என்று அர்த்தம். சாதாரண சென்சாரில் ஒரே எக்ஸ்போஷரில், அதாவது ஒரே தடவை ஒளியைச் சேர்த்தால், இது வராது. எங்கள் சென்சார் அடுத்தடுத்து மூன்று எக்ஸ்போஷர் எடுக்கிறது: 16 மில்லிசெகண்ட், 1 மில்லிசெகண்ட், பிறகு அதிலும் 16இல் ஒரு பங்கு. ஒவ்வொன்றும் 12 பிட், அதாவது 4,096 படி. மொத்த மடங்கு 256ஐயும் சேர்த்தால் 20 பிட். கணக்கில் குற்றமே இல்லை.

முதல் தப்பு மீட்டரிங், அதாவது கேமரா வெளிச்சத்தை அளக்கிற விதம். ஆட்டோ எக்ஸ்போஷர் முழு ஃப்ரேமுக்கும் சராசரி எடுத்து, வெளி வெயிலைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டது. கேட்டுக்கு உள்ளே ஆள் நிற்கும் கட்டத்தை மட்டும் பார்க்கச் சொன்னதும் முகம் வந்தது. வந்த முகம் மணல் தூவினதுபோல் இருந்தது. காரணம், நீள எக்ஸ்போஷர் நிரம்பி அடுத்த எக்ஸ்போஷருக்குத் தாவுகிற தையலில் முகம் போய் விழுந்திருந்தது. அங்கே வெளிச்சம் திடீரென 16இல் ஒரு பங்காகிறது. ஒளியின் இரைச்சல் வர்க்கமூலக் கணக்கில் போவதால் படத்தின் தெளிவு கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகிவிடுகிறது.

நீளத்தை 10 மில்லிசெகண்டாக வைத்து, எக்ஸ்போஷர்களுக்கு இடையிலான விகிதத்தை 16இலிருந்து 8ஆகக் குறைத்தோம். மொத்த மடங்கு 64, அதாவது 18 பிட், கிட்டத்தட்ட 108 டிபி. காசு கொடுத்து வாங்கின 12 டிபியைத் தூக்கிப் போட்டோம், முகம் சுத்தமானது. வெளியே லாரிக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிற வெயில் வெள்ளையாகிவிட்டது. ஆகட்டும், அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்தது பிட்டுகளைச் சுருக்கி மடிக்கிற வேலை. 1080பி, நொடிக்கு 30 ஃப்ரேம், 18 பிட் என்றால் நொடிக்கு சுமார் 112 கோடி பிட். அதை 12 பிட்டாக மடித்தால் சுமார் 75 கோடியில் முடிகிறது. நகைக்கடைத் தராசு மில்லிகிராம் காட்டும், மளிகைக்கடையில் 5 கிராம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கேட்பதில்லை, லாரி ஏறும் எடைமேடையில் 10 கிலோ படி போதும். சென்சாரும் அப்படித்தான்: இருட்டில் பொடிப்படி, வெளிச்சத்தில் பெரும்படி. வெளிச்சம் கூடக்கூட இரைச்சலும் பெருகுவதால் பெரும்படி போட்டாலும் கண்ணுக்கு ஒன்றும் போகாது. தராசு மாறுகிற இடங்களை நாங்கள் முட்டி என்போம். கோடு அங்கே மடங்குகிறது, அவ்வளவுதான்.

இந்த முட்டியில்தான் இரண்டு நாள் போனது. இருட்டுக்கு இன்னும் கொஞ்சம் படி கொடுக்கலாம் என்று சென்சார் பக்கம் முட்டிகளை நகர்த்தினேன். மடித்ததைத் திரும்பப் படமாக்குகிற போர்டு பக்கம் விரிக்கிற அட்டவணையை மாற்ற மறந்துவிட்டேன். நகைக்கடைத் தராசில் நிறுத்ததை மளிகைக் கணக்கில் எழுதின கதை. சுவரில் வளையம் வளையமாகக் கோடு, பெரியவர் கன்னத்தில் ரோஸ் பட்டை. பச்சை பிக்சல் மற்ற நிறங்களுக்கு முன்பே முட்டியைத் தாண்டிவிடும், தப்பாக விரியும்போது நிறங்களின் விகிதம் குலைந்து இப்படிப் பட்டை விழும். இது தெரியாமல் லென்ஸைத் துடைத்தோம், கேபிளை மாற்றினோம், கூட வேலை செய்கிற அண்ணன் புது போர்டே வாங்கப் பார்த்தார். கடைசியில் சென்சாரின் செட்டிங் எண்கள் இருக்கிற ரெஜிஸ்டர்களை வரிசையாக வாசித்துப் பார்த்தபோது தலையில் அடித்துக்கொண்டேன்.

என்னைக் கேட்டால், டிபியைப் பெரிதாக எழுதுகிறவர்கள் கூடவே மூன்று விஷயம் எழுத வேண்டும்: எத்தனை எக்ஸ்போஷர், என்ன விகிதம், முட்டிகள் எங்கே. வருகிற ஃபேக்டரி செட்டிங் பெரும்பாலும் யாரோ ஏசி லேபில் டெஸ்ட் சார்ட்டுக்கு முன் உட்கார்ந்து வைத்தது. வேலூர்க் கோட்டைக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டு ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் நமக்கே சில நொடி ஒன்றும் தெரியாது. கேமராவுக்குக் கிடைப்பது ஃப்ரேமுக்கு 33 மில்லிசெகண்ட். எந்த இருட்டு வேண்டும், எந்த வெளிச்சம் போனால் பரவாயில்லை என்று அந்த இடத்தில் மே மாசம் 3 மணிக்கு நின்றுதான் முடிவு பண்ண முடியும். வேர்க்கும், என்ன செய்ய.

பகல் கதை முடிந்தது. ராத்திரி 9 மணிக்குப் பெரியவர் போன் பண்ணினார்: "தம்பி, மூஞ்சி தெரியுது. மேல டியூப்லைட்டாண்ட கோடு கோடா ஓடுதே?" அங்கே வெளிச்சம் அதிகம் என்பதால் 1.25 மில்லிசெகண்ட் எக்ஸ்போஷர் வேலைக்கு வருகிறது. 50 ஹெர்ட்ஸ் கரண்டில் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 10 மில்லிசெகண்டுக்குள் ஒரு முழுச் சுற்று அடங்கிவிடும், 1.25இல் ஒரு துண்டுதான் மாட்டும், வரிக்கு வரி வேறு துண்டு. ராத்திரிக்கென்று தனி செட்டிங் போட வேண்டும். சனிக்கிழமை டார்ச்சோடு போகிறேன்.