நனைந்த போனை அரிசியில் போடாதீர்கள்

மழை தொடங்கியதும் அந்தப் பழைய செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது: "போன் தண்ணீரில் விழுந்தால் உடனே அரிசிக்குள் புதைத்து வையுங்கள், ஈரத்தையெல்லாம் அரிசி உறிஞ்சிவிடும்."

இது தவறு. போனுக்குள் போன தண்ணீரை வெளியே இழுக்கும் சக்தி அரிசிக்கு இல்லை. ஈரம் தானாகத்தான் ஆவியாகிறது. அதற்குக் காற்றோட்டம் வேண்டும், அரிசிக்குள் மூடி வைத்தால் அதுவும் போச்சு. அரிசிப் பானைக்குள் கைவிட்டு எடுத்துப் பாருங்கள், விரலெல்லாம் வெள்ளையாக மாவு ஒட்டியிருக்கும். அந்த மாவு ஈரமான சார்ஜர் துளைக்குள் போனால் பசையாகிவிடும்.

ஆப்பிள் நிறுவனமே தன் இணையதளத்தின் உதவிப் பக்கத்தில், ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள், அரிசித் துகள்கள் போனைக் கெடுக்கலாம் என்று எழுதியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். வெளியிலிருந்து சூடு காட்டுவது, துளைக்குள் பஞ்சு விடுவது, இரண்டுமே கூடாது என்றும் அங்கே இருக்கிறது.

சார்ஜர் துளை நனைந்தால் கேபிளைக் கழற்றுங்கள். துளை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். காற்றுப் படும் உலர்ந்த இடத்தில் வையுங்கள். குறைந்தது 30 நிமிடம் சார்ஜ் போட வேண்டாம். முழுதாகக் காய 24 மணி நேரம்கூட ஆகலாம். போன் முழுவதுமே தண்ணீரில் மூழ்கியிருந்தால் அணைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். அரிசியில் ஒரு நாள் வைத்துக் காத்திருந்தால், அதற்குள் உள்ளே இருக்கும் உலோகப் பாகங்கள் அரிக்கத் தொடங்கிவிடலாம்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவரும் நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார்.