வக்கீல் வாதாட முடியாத விசாரணை அறை

நீதிமன்றத்தை விட்டு அலுவலகப் புகார் விசாரணைக்கு வந்த வழக்கறிஞரைப் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 2013 விதிகள்படி, நிறுவனத்துக்குள்ளேயே இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு முன் இரு தரப்புமே வக்கீல் வைத்து வாதாட முடியாது. ஆகவே அந்தக் குழுவில் நிறுவனத்தைச் சேராத வெளி உறுப்பினராக உட்காரும் வழக்கறிஞர் கேட்கும் கேள்விகளுக்கு அவ்வளவு கனம். நான் இப்படியொரு குழு முன் சாட்சி சொல்லப் போனபோது, வெளி உறுப்பினராக இருந்த வக்கீல் அம்மா வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதி, வரிவரியாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினார். "சீக்கிரம் முடிங்க மேடம்" என்று மனிதவள மேலாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்தும் அசையவில்லை. விசாரணைக்குச் சட்டம் 90 நாள் தருகிறது, பிறகென்ன அவசரம்? திருப்பூர், ஓசூர் பக்கம் இப்படிப்பட்டவர்கள் நிறையத் தேவை. சட்டம் படிக்கும் பிள்ளைகள் தொழிலாளர் சட்டத்தை ஒதுக்காதீர்கள்.