கார்மார்த்தன் "இங்கிலாந்து கிராமம்" இல்லை சார்

நான் இப்போது வசிக்கும் கார்மார்த்தனைச் சுற்றிப் பார்த்து ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்பி "உங்க ஊர் வந்திருக்கு பாருங்க" என்றால் என்னதான் செய்வது? பார்த்தேன். "இங்கிலாந்தில் ஒரு குட்டி கிராமம், மெர்லின் கதையைத் தவிர ஒன்றுமில்லை, அரை மணி நேரம் போதும்." சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

இது இங்கிலாந்து இல்லை. வேல்ஸ், பிரிட்டனுக்குள் தனி நாடு. கிராமமும் இல்லை. கி.பி. 75 வாக்கில் ரோமானியர்கள் டவி ஆற்றங்கரையில் கோட்டை கட்டி, அதையொட்டி மோரிடூனம் என்ற நகரம் வளர்ந்தது. வேல்ஸின் மிகப் பழைய ஊர் நாங்கள்தான் என்று இவர்கள் பெருமை பேசுவது சும்மா இல்லை. ப்ரியரி தெருவில் வீடுகளுக்குப் பக்கத்திலேயே புல் மூடிய வட்டப் பள்ளமாக ரோமானியர்களுடைய அரங்கம் இன்னும் கிடக்கிறது. வீடியோவில் அந்தத் தெரு வருகிறது. கேமரா எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது.

சரி, மெர்லின். ஆர்தர் ராஜா கதையில் வரும் மந்திரவாதி. அந்த மெர்லினும் பழைய வெல்ஷ் கவிஞர் தலியேசினும் பேசிக்கொள்ளும் கவிதைதான் 'கார்மார்த்தன் கருப்புப் புத்தக'த்தின் முதல் கவிதை. முழுக்க வெல்ஷ் மொழியில் எழுதப்பட்டு நம் கைக்கு வந்த ஏடுகளில் அதுதான் மிகப் பழையது என்கிறார்கள். 1250 வாக்கில் எழுதப்பட்டது. நீங்கள் நக்கலடித்த கதைக்கே இந்த ஊர்தான் ஏடு வைத்திருந்தது சார். ஊருக்குள் மெர்லின் மரம் என்று ஒரு பழைய ஓக் மரம் நின்றது. அது விழுந்தால் ஊரும் விழும் என்று ஒரு சொலவடை உண்டு. பட்டுப்போன மரத்துக்கு சிமெண்ட் கொட்டி, இரும்புக் கம்பி கட்டிக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1978-ல் அகற்றினார்கள். 1987-ல் ஊருக்குள் வெள்ளம் வந்தது. அதற்கு நான் விளக்கம் தரப்போவதில்லை.

"ஒரு வீடியோவுக்கு இவ்வளவு கோபமா, பிரிட்டன் எல்லாம் ஒன்றுதானே?" என்பீர்கள். என் அலுவலகத்தில் ஒருவர் என்னைப் புதியவர்களிடம் "இவர் இந்திக்காரர்" என்றே அறிமுகப்படுத்துவார். தமிழ் என்று எத்தனையோ முறை திருத்தியாயிற்று. "எல்லாம் இந்தியாதானே" என்பார். அப்போது எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களாக இருந்தால் அன்றைக்கே ஒரு பதிவு போட்டிருப்பீர்கள். வேல்ஸ்காரனை இங்கிலாந்துக்காரன் என்றால் மட்டும் "விடுங்க பாஸ்" ஆகிவிடுகிறது.

1966 ஜூலையில் இந்தத் தொகுதிதான் க்வின்ஃபர் எவன்ஸை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரிக்கு அவர்தான் முதல் எம்.பி. வெல்ஷ் மொழித் தொலைக்காட்சி தருவதாகச் சொல்லிவிட்டு அரசு பின்வாங்கியபோது, 1980-ல் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். தாட்சர் அரசு இறங்கி வந்தது. மொழிக்காக உயிர் கொடுப்பதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டுமா? "குட்டி கிராமம்"!

"ஊர் சின்னதுதானே?" ஆமாம், சுமார் 15,000 பேர். அதனால் என்ன?

"சந்தையில் ஒன்றுமில்லை" என்கிறார். கடல்பாசியை மணிக்கணக்கில் வேகவைத்துக் கரும்பச்சைக் கூழாக விற்கிறார்களே, அது என்ன என்றாவது கேட்டிருக்கலாம். கார்மார்த்தன் ஹாம் என்று உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடைக் கறி, பின்னால் தாள் வைத்தால் எழுத்து தெரிகிற மாதிரி சீவித் தருவார்கள். ரோமானியர்கள் இதை இங்கே கற்றுக்கொண்டு போய்த்தான் இத்தாலியில் பார்மா ஹாம் செய்தார்களாம். நம்புகிறாயா என்று கேட்காதீர்கள். ஆற்றில் கொரக்கிள் பார்த்தாரா? நம் ஒகேனக்கல் பரிசலுக்குத் தம்பி. ஒற்றை ஆள் முதுகில் மாட்டிக்கொண்டு நடந்து போவார். இரவில் இரண்டு கொரக்கிள்கள் நடுவில் வலையைப் பிடித்து நீரோட்டத்தோடு மிதந்து வந்து கடல் ட்ரவுட் மீன் பிடிக்கிறார்கள். உரிமம் உள்ளவர்கள் இப்போது விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

நாட் சதுக்கத்தில் செல்ஃபி எடுத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பின்னால் சிலையாக நிற்பது ஜெனரல் நாட். கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி. 1842-ல் ஆப்கானிஸ்தானின் கஜினியிலிருந்து சோமநாதர் கோயில் கதவுகள் என்று சொல்லிப் பெயர்த்து எடுத்து வந்தவர். பிறகு பார்த்தால் அவை சோமநாதர் கதவுகளே இல்லை. மகாராஜ்பூர் போரில் பிடித்த பீரங்கிகளை உருக்கித்தான் அந்தச் சிலையே வார்த்தார்கள். நம் ஊர் வெண்கலம் சார் அது! அதன் முன்னால் நின்று விரல் காட்டிவிட்டு "ஒன்றுமில்லை" என்கிறீர்கள். 1555-ல் புராட்டஸ்டண்ட் பிஷப் ஃபெரரை உயிரோடு எரித்ததும் அன்றைக்குச் சந்தையாக இருந்த இதே சதுக்கத்தில்தான்.

"நீ என்ன வெல்ஷ்காரனா?" என்று கேட்கப்போகும் தம்பிகளுக்கு: இல்லை. வரி கட்டுகிறேன், வாடகை கட்டுகிறேன், போதுமா? "கருத்து பிடிக்கலைன்னா ப்ளாக் பண்ணுவீங்களா" என்று நேற்றே கேட்டவருக்கு: பண்ணியாயிற்று.